துவாரபாலகர்களின் உயரம்

கறுப்புத் திரையின் நடுவே ஒற்றைக் கோடு செங்குத்தாக நிற்கிறது. 12,000 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் ஒரே ஒரு சுரம் அது. இருபுறமும், 11,750லும் 12,250லும், அடிமட்டத்திலிருந்து சற்றே தலைதூக்கும் இரண்டு குட்டிக் கோடுகள். கருவறை வாசலின் துவாரபாலகர்களைப் போலச் சம தூரத்தில், சம உயரத்தில் நிற்கின்றன. ஹோம் தியேட்டர் ப்ராசசர்களை அளந்து வரையும் படங்களில் என் மனம் அதிகம் தங்கியது இதில்தான்.

பலரும் முதலில் தேடுவது சினாட் என்ற எண்ணை. சிக்னலுக்கும், அதோடு ஒட்டிவரும் இரைச்சல், திரிபு அத்தனைக்கும் உள்ள விகிதத்தை அது டெசிபலில் சொல்லும். பயனுள்ள எண்தான். ஆனால் குழம்பு நன்றாயில்லை என்று சொல்லும் அந்த எண்ணுக்கு, உப்பு கூடியதா புளி குறைந்ததா என்று சொல்லத் தெரியாது. இந்தப் படத்துக்குத் தெரியும்.

இதன் பெயர் ஜே-டெஸ்ட். பிரிட்டிஷ் பொறியாளர் ஜூலியன் டன் 1990களின் முற்பகுதியில் உருவாக்கிய சோதனை. அவர் பிடிக்க நினைத்தது ஜிட்டரை. டி.ஏ.சி. எனப்படும் மாற்றி, விநாடிக்கு 48,000 முறை ஓர் எண்ணை மின்னழுத்தமாக மாற்றுகிறது. எண் சரியாக இருந்து, அது விழ வேண்டிய நொடி மட்டும் பிசகினால்? மிருதங்கத்தில் சொல் சரியாக விழுந்து இடம் தப்பியது போலத்தான். சுரம் வேகமாக ஏறி இறங்க இறங்க, அதே பிசகு பெரிய தவறாகிறது. அதனால்தான் 12,000 ஹெர்ட்ஸ்.

சிக்னலைக் கட்டிய விதத்தைப் பாருங்கள். 48,000ஐ 12,000ஆல் வகுத்தால் 4. ஒரு சுற்றுக்கு நான்கே எண்கள்: இரண்டு மேலே, இரண்டு கீழே. இதே நான்கு திரும்பத் திரும்ப வரும். இதன்மேல் டன் ஒரு காரியம் செய்தார். 96 எண்கள் உள்ளபடியே போகும். அடுத்த 96 எண்களில் ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்றைக் கழித்துவிடுவார். 4000த்தில் ஒன்று போனால் 3999. மதிப்பில் மாற்றம் ஒன்றுதான், இலக்கமோ நான்குமே மாறிவிட்டது. பைனரியிலும் அதேதான்: 16 பிட்டில் 15 ஒரே அடியில் புரள்கின்றன. காதுக்கு எட்டாத அளவு சிறிய மாற்றம், கேபிளுக்குள் ஒரு கலவரம். எண்களோடு சேர்ந்தே கடிகாரமும் பயணிக்கும் கோஆக்சியல் இணைப்பில் இந்தக் கலவரம் கடிகாரத்தை விநாடிக்கு 250 முறை அசைத்துப் பார்க்கும். அசைந்தால், சுரத்தின் இரு பக்கமும் 250 ஹெர்ட்ஸ் தள்ளிக் கோடுகள் முளைக்கும். இவ்வளவு சிறிய சிக்னலுக்குள் இவ்வளவு கேள்வியை வைக்க முடிந்ததே என்று இன்றும் வியக்கிறேன்.

எச்டிஎம்ஐயில் கதை வேறு. அங்கே ஒலிக்கென்று தனிக் கடிகாரமே வருவதில்லை. வீடியோவின் கடிகாரத்திலிருந்து ப்ராசசர் அதைக் கடைந்தெடுக்க வேண்டும். விநாடிக்கு 60 சட்டகங்கள் ஓடும் 1080பி வீடியோவின் கடிகாரம் 148.5 மெகாஹெர்ட்ஸ். அதை 6,144ஆல் பெருக்கி 1,48,500ஆல் வகுத்தால் 6.144 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும், 48,000இன் சரியாக 128 மடங்கு. காகிதத்தில் பிசிறே இல்லை. சர்க்யூட்டில் இந்த வகுத்தலைச் செய்து முடிக்கும்போதுதான் நடுக்கம் நுழைகிறது. டன் கேபிளுக்கு வைத்த பொறி இங்கே அதே விதத்தில் கடிக்காது என்றாலும், அவருடைய சுரம் நடுக்கத்தை அப்படியே காட்டிக்கொடுக்கிறது. ஒழுங்கற்ற நடுக்கமானால் நடுக்கோட்டின் அடி பருத்து, தென்னையின் தூர் போல விரியும். 100 ஹெர்ட்ஸ் தள்ளி ஒரு ஜோடி எழுந்தால், நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் பவர் சப்ளையில் இரட்டித்து, அதன் வழியாகக் கடிகாரத்தைத் தொட்டிருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

இது காதுக்குக் கேட்குமா? ஒரு நானோ விநாடி அளவு ஆடினால் பக்கக் கோடுகள் சுரத்துக்குச் சுமார் 88 டெசிபல் கீழே நிற்கும். இசை ஒலிக்கும்போது அதைப் பிரித்துக் கேட்பது மனிதக் காதுக்கு ஆகாத காரியம். ஒரு நானோ விநாடியில் ஒளியே ஓர் அடிதான் போகும். கேட்காத ஒன்றை ஏன் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்கள் பட்டுப்புடவையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்களைக் கவனித்திருப்பார்கள். நெய்தவரின் கை அங்கேதான் தெரியும்.

முதலில் சொன்ன துவாரபாலகர்களிடம் வருகிறேன். புதிதாகப் பார்ப்பவர் அவற்றைக் கோளாறு என்றே நினைப்பார், நானும் நினைத்தேன். அவை டன்னே வைத்தவை. ஒன்றைக் கழித்தும் விட்டும் அவர் செய்தது 250 ஹெர்ட்ஸ் சதுர அலை. அதன் ஒற்றைப்படை மடங்குகள் 250, 750, 1,250 என்று படிப்படியாகத் தாழ்ந்து வருகின்றன. 47ஆம் மடங்கு 11,750, 49ஆம் மடங்கு 12,250. பிழையே இல்லாத கருவியிலும் 16 பிட் சோதனையில் அவை இருந்தே ஆக வேண்டும், முழு உச்சத்திலிருந்து ஏறத்தாழ 127 டெசிபல் கீழே. அந்த உயரத்தை ஜிட்டர் எட்டிப்பிடிக்கக் கடிகாரம் 17 பிக்கோ விநாடி ஆடினால் போதும். ஒளி அரை சென்டிமீட்டர், ஓர் அரிசி மணியின் நீளம், கடக்கும் நேரம். நல்ல ப்ராசசரின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். தரை சலனமற்றுக் கிடக்கிறது. இரண்டு கோடுகளும் தங்களுக்கு விதித்த உயரத்தில் நிற்கின்றன, ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை.