முழங்கால் மடங்கும் முன்

படகின் பின்னே கயிற்றைப் பிடித்தபடி, நீபோர்டு எனப்படும் குட்டையான அகலப் பலகையில் முழங்காலிட்டுச் செல்லும் ஆட்டத்தில், விரைந்து எழுபவரே தேர்ந்தவர் என்ற எண்ணம் ரசிகர்களிடமும், வருந்தத்தக்க வகையில் பயிற்றுநர் சிலரிடமும் வேரூன்றியிருக்கிறது. கோடைக்காலத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநில ஏரிகளில், படகு புறப்பட்ட பின்னும் பலகைமேல் குப்புறப் படுத்தவாறே நெடுந்தூரம் வரும் வீரருக்குத் துணிவோ கைவலுவோ போதாது என்று கரையில் நிற்போர் தீர்ப்பளித்துவிடுகின்றனர். அந்தத் தீர்ப்பு முற்றிலும் தவறானது. நீரின் போக்கை அறிந்து ஆடுபவர் அவரே.

வேகம் குறைவாக உள்ளவரை பலகை நீரைத் தள்ளிக்கொண்டு செல்கிறது. ஆளைத் தாங்குவது பெரும்பாலும் மிதப்பு விசையே. வேகம் கூடக்கூட, பலகையின் அடிப்பரப்பில் மோதும் நீர் அதை மேல்நோக்கி உந்துகிறது. அவ்வுந்துதலே எடையின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டதும் பலகை நீர்மேல் வழுக்கத் தொடங்குகிறது. இதை வழுக்குநிலை எனலாம். இவ்விரு நிலைகளுக்கும் இடையில் பலகையின் மூக்கு உயர்கிறது, கைகளில் இழுப்பு மிகுகிறது, முகத்தில் நீர் அறைகிறது. இவற்றிலிருந்து தப்பும் அவசரத்தில்தான் பெரும்பாலோர் முழங்கால்களை முன்னிழுக்கின்றனர். அவ்வாறு செய்யும்போது எடை முழுவதும் முன்னே சாய்வதால், போதிய உந்துதல் பெறாத மூக்கு நீருக்குள் புதைய, ஆள் தலைகுப்புற விழுகிறார்.

பொறுத்திருக்கும் வீரர் இந்த இடைவெளியில் எதையும் செய்வதில்லை என்று தோன்றினாலும், அவர் பல வேலைகளில் ஈடுபட்டிருக்கிறார். முழங்கைகளைப் பலகையில் ஊன்றி, கைப்பிடியை மூக்கருகே தாழ்வாக வைத்திருக்கிறார். கயிற்றைத் தன் பக்கம் இழுத்தால் அது ஒரு கணம் தொய்ந்து மறுகணம் வெட்டியிழுக்கும் என்பதை அறிந்து, இழுக்கும் வேலையைப் படகிடமே விட்டுவிடுகிறார். பலகையின் ஓரத்தில் நீர் தெறிக்கும் இடம் மூக்கை விட்டுப் பின்னோக்கி நகர்வதையும், மூக்கு தானாகத் தணிவதையும் கண்ட பிறகே, முழங்கால்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பலகையின் குழிகளுக்குள் நகர்த்திக் குதிகால்மேல் அமர்கிறார். தொடைகளை இறுக்கும் பட்டையை அதற்கும் பின்னரே மாட்டுகிறார். மூக்கு புதையாமல் காப்பது இவ்விளையாட்டுக் குடும்பத்தின் ஆதிப் பாடமாகும்: 1922இல் அதே மாநிலத்தின் பெப்பின் ஏரியில் நீர்ச்சறுக்கு முதன்முதலாகக் கைகூடியதும், சறுக்குக் கட்டைகளின் நுனியை உயர்த்திப் பின்சாய்ந்து நின்றபோதுதான்.

படகோட்டிக்கும் இதில் பங்குண்டு. வேகமுடுக்கியை ஒரே மூச்சில் தள்ளுபவர், பொறுக்க விரும்பும் வீரரையும் பொறுக்க விடுவதில்லை. மணிக்குச் சுமார் 25 முதல் 30 கிலோமீட்டர் வரையிலான ஓட்டவேகத்தைச் சீராக ஏறி அடைவதே முறை.

வருங்காலம் குறித்துச் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. படகுக்கு மாற்றாக உயரக் கம்பிவடம் இழுக்கும் பூங்காக்களில், தொடக்கநிலையினர் மேடையிலேயே முழங்காலிட்டுப் புறப்படுகின்றனர். வடம் மேலிருந்து இழுப்பதால் மூக்கு புதையும் அபாயமும் அங்கே குறைவு. அவ்வாறு பயின்றவர்கள் சாகசங்களில் விரைந்து முன்னேறுவர். ஆயினும், நடு ஏரியில் ஒருமுறை விழுந்து படகின் பின்னே மீண்டும் புறப்பட நேரும்போது தடுமாறுவர். அடுத்த சில கோடைகளில் ஏரிப் போட்டிகளில் நிலைத்து முன்னேறப் போகிறவர்கள், இன்று கோழைகள் என்று பெயர் வாங்கும் பொறுமைசாலிகளே. ஆகவே, அடுத்த முறை கரையில் நிற்பவர்கள் வீரர் எத்தனை விரைவாக எழுகிறார் என்று பாராமல், அவர் எழும்போது பலகையின் மூக்கு தணிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.