400 மீட்டருக்குப் பிறகு

சபை ஆண்கள் கூட்டங்களில் நான் பலமுறை கேட்ட கதை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று ஒலிம்பிக் பந்தயத்தையே விட்டுக்கொடுத்த ஸ்காட்லாந்துக்காரர் எரிக் லிடலின் கதை. சொல்லி முடித்ததும், "முதல்ல கர்த்தர், அடுத்து குடும்பம், அப்புறம்தான் வேலை" என்று மூன்று விரலை மடக்கிக் காட்டுவார்கள். கதை பெரும்பாலும் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' படத்திலிருந்து எடுத்ததாக இருக்கும். 1981ல் ஹியூ ஹட்சன் இயக்கத்தில் வந்து, சிறந்த படத்துக்கானது உட்பட நான்கு ஆஸ்கர் வாங்கிய படம். கடற்கரையில் வெள்ளை உடையில் பையன்கள் ஓட, பின்னால் வாஞ்சலிஸின் இசை வரும் காட்சியைப் படம் பார்க்காதவங்களும் எங்கேயாவது பார்த்திருப்பாங்க.

நல்ல படம்தான். என் பிரச்சினை அந்த மூன்று விரலோடு. முதல் இரண்டையும் எப்பவும் சேர்த்தே மடக்குகிறோம், விசுவாசமும் குடும்பமும் ஒரே கட்சி, சாதனை எதிர்க்கட்சி என்பது போல. லிடலின் வாழ்க்கையைக் கொஞ்சம் தோண்டிப் பார்த்தால் கணக்கு அப்படி வரவில்லை.

படம் இந்தக் கூட்டணியை எப்படி உருவாக்குகிறது என்று பாருங்கள். தங்கை ஜென்னிதான் அதில் குடும்பத்தின் குரல், அவளே விசுவாசத்தின் குரலும். ஓட்டம் ஓட்டம் என்று அலைகிறாயே, ஊழியம் என்ன ஆவது என்று அண்ணனைக் கேட்கிறாள். ஓடும்போது கடவுளின் மகிழ்ச்சியைத் தான் உணர்வதாக அவர் சொல்லும் பதில் இன்றைக்கும் சுவரொட்டிகளில் லிடலின் வாக்காகச் சுற்றுகிறது. அதை எழுதியவர் திரைக்கதை ஆசிரியர் காலின் வெல்லண்ட். நிஜ ஜென்னி அண்ணன் ஓடுவதை எதிர்க்கவும் இல்லை. இன்னொன்று: பாரீசுக்குக் கப்பல் ஏறும்போதுதான் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று அவருக்குத் தெரிய வருவதாகப் படம் காட்டும். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே தெரியும். அதனால்தான் 400 மீட்டருக்குப் பயிற்சி எடுக்க நேரம் கிடைத்தது. 1924 ஜூலையில் அந்தப் பந்தயத்தை 47.6 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார், 200 மீட்டரில் வெண்கலமும். ஞாயிற்றுக்கிழமை காரணமாகத் தொடர் ஓட்டங்களையும் விட்டார் என்பதைப் படம் பெரிதாகப் பேசுவதில்லை.

அவர் செய்தது சின்ன விஷயம் என்று சொல்லவில்லை. நாட்டுப் பற்று இல்லாதவன் என்கிற பேச்சையும் தாங்க வேண்டியிருந்தது. ஆனால் அன்றைக்கு அவருக்கு வயது 22, கல்யாணமாகாத பல்கலைக்கழக மாணவர். பதக்கத்தை விட்டால் நஷ்டம் அவருக்கு மட்டும். ஞாயிறு ஷிப்டுக்கு வரமாட்டேன் என்று சொல்லும் இரண்டு குழந்தைக்குத் தகப்பனுக்கு இந்த உதாரணம் எப்படிப் பொருந்தும்? அவன் சம்பளத்தில் விழும் வெட்டு அவன் மனைவியின் அடுப்பில்தானே தெரியும்? அவனுக்கு வேலை என்பது சாதனையா, குடும்பமா? மூன்று விரல்காரர்கள் இதற்குப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

லிடலுக்கு நிஜமான சோதனை 400 மீட்டருக்குப் பிறகுதான் வந்தது. 1925ல் சீனா போனார். அவர் பிறந்ததே அங்கேதான், தியன்ஜினில், லண்டன் மிஷனரி சங்கத்து ஊழியரின் மகனாக. அங்குள்ள ஆங்கிலோ-சீனக் கல்லூரியில் ஆசிரியரானார். 1934ல் கனடா மிஷனரி ஒருவரின் மகளான ஃப்ளோரன்ஸ் மெக்கன்சியைக் கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பெண் குழந்தைகள். 1937ல் ஜப்பான் படையெடுப்பு நடந்துகொண்டிருந்தபோது, சியாவ்சாங் என்ற கிராமப்புற மிஷனுக்குப் போகும்படி சங்கம் கேட்டது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாத இடம். ரொம்ப யோசித்துத்தான் ஒத்துக்கொண்டார். மனைவியும் பிள்ளைகளும் தியன்ஜினில் இருக்க, அவர் சண்டை நடக்கும் கிராமங்களுக்குள் சைக்கிளில் போய்வந்தார். 1941ல் நிலைமை மோசமானதும், கர்ப்பமாக இருந்த ஃப்ளோரன்ஸையும் இரண்டு மகள்களையும் கனடாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டுத் தான் மட்டும் தங்கினார். மூன்றாவது மகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை.

இங்கே கர்த்தரும் குடும்பமும் ஒரே பக்கம் நிற்கிறார்களா?

இது அவர் வீட்டுக்குப் புதிதும் அல்ல. அவருக்கு ஆறு வயது இருக்கும்போது அண்ணன் ராபர்ட்டோடு சேர்த்து அவரை லண்டனில் மிஷனரி பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டு, பெற்றோர் சீனா திரும்பினார்கள். அந்தக் கால மிஷனரிக் குடும்பங்களில் இது வழக்கம், யாரும் குற்றமாக நினைக்கவில்லை. ஃப்ளோரன்ஸும் அதே மரபில் வளர்ந்தவர். அவரை வெறும் பலியாடாகக் காட்டினால், அவருடைய விசுவாசத்தை நாம் மதிக்காத மாதிரி ஆகிவிடும். டிசம்பரில் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்து வழியெல்லாம் அடைபடும் என்று அந்த மே மாதத்தில் இருவருக்கும் தெரியாது. தீர்ப்புச் சொல்ல எனக்கு ஆசை இல்லை. ஆனால் விலை எவ்வளவு, அதை யார் கொடுத்தது என்று கேட்காமல் ஒரு மனிதனை முன்மாதிரி ஆக்குவது சரியில்லை என்று நினைக்கிறேன்.

1943ல் ஜப்பானியர் அவரை ஷான்டோங் மாகாணத்தின் வெய்ஷியன் முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த மிஷனரிப் பள்ளிப் பிள்ளைகள் ஏராளமானோர் அங்கே இருந்தார்கள். லிடல் அவர்களுக்குப் பாடம் நடத்தினார், விளையாட்டு நடத்தினார், 'அங்கிள் எரிக்' ஆனார். ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு கிடையாது என்பதுதான் அவர் கொள்கை. ஒரு ஞாயிறு பையன்கள் தாங்களே ஹாக்கி ஆடி, நடுவர் இல்லாமல் அடிதடியில் முடிந்தது. அடுத்த ஞாயிறு அவரே நடுவராக வந்து நின்றார். பாரீசில் ஒரு நாட்டுக்காக வளையாத விதி, முகாமில் யாரோ பெற்ற பிள்ளைகளுக்காக வளைந்தது. பிரசங்கங்களில் இந்த ஞாயிற்றுக்கிழமை ஏன் வருவதில்லை? எனக்குப் பாரீஸ் ஞாயிறைவிட இந்த ஞாயிறுதான் பெரிதாகத் தெரிகிறது. விடுதியில் விடப்பட்ட பையன் வளர்ந்து, விடப்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பன் மாதிரி இருந்தார். அவர் பெற்ற மூன்று பிள்ளைகளும் கடலுக்கு அந்தப் பக்கம்.

1945 பிப்ரவரி 21 அன்று மூளைக் கட்டியால் இறந்தார், 43 வயது. கடைசி நாளில் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், வேலைப்பளுவால் நரம்புத் தளர்ச்சி வந்திருப்பதாகவே குறிப்பிட்டார். மரணச் செய்தி கனடாவுக்குப் போய்ச் சேரவே மே மாதம் ஆகிவிட்டது. ஃப்ளோரன்ஸ் நர்ஸ் வேலை பார்த்து மூன்று பெண்களையும் வளர்த்தார்.

ஹட்சனின் படம் 1924லேயே நின்றுவிடுகிறது. சீனா முழுவதும் கடைசியில் திரையில் வரும் ஓரிரு வரி எழுத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஃப்ளோரன்ஸ் படத்தில் ஒரு பாத்திரமாகக்கூட இல்லை. படம் வெளியானபோது அவர் கனடாவில் உயிரோடுதான் இருந்தார். 1984ல் காலமானார்.