வெளியே வந்த குரல்: பேராசிரியர் ராமசாமிக்கு இனி என்ன வழி?

சொந்தக் கட்சியின் தலைமையை எதிர்த்துப் பேசும் தலைவரால் தமிழருக்கு லாபமா, நட்டமா? பினாங்கு சூலியா தெருவின் சாப்பாட்டுக் கடைகளில் பேராசிரியர் பி.ராமசாமியின் பெயர் அடிபடும்போதெல்லாம் பேச்சு இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது. 2008 முதல் பினாங்கின் இரண்டாம் துணை முதல்வராக இருந்தவருக்கு 2023 சட்டமன்றத் தேர்தலில் அவருடைய ஜனநாயக செயல் கட்சி (ஜசெக) இடம் தரவில்லை. தேர்தல் நடந்த அதே ஆகஸ்டில் அவர் கட்சியை விட்டு விலகினார். நவம்பரில் உரிமை கட்சியைத் தொடங்கினார். தேர்தல் களத்தில் அவருக்கு இனி வாய்ப்பு குறைவு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அவர் எழுப்பிய கேள்விகள் அவரைக் கடந்தும் நிற்கும், நிற்கவும் வேண்டும்.

அவர் வந்த வழியை முதலில் பார்ப்போம். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பேராசிரியராக இருந்தவர், வேலை ஒப்பந்தம் முடிக்கப்பட்ட 2005இல் அரசியலுக்கு வந்தார். இந்தியர் உரிமை கேட்டு 2007 நவம்பர் 25இல் நடந்த இண்ட்ராப் பேரணி தமிழர் மனத்தில் மூட்டிய கோபம், 2008இல் அவரை பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் நிறுத்தி வெல்ல வைத்தது. தோற்றவர் அதுவரை பினாங்கு முதல்வராக இருந்த கோ சு கூன். பிறை சட்டமன்றத் தொகுதியும் கிடைத்தது. நாட்டிலேயே துணை முதல்வரான முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்கு வந்தது.

பதவியில் இருந்துகொண்டே வாய் திறந்ததுதான் அவருடைய முதல் பலம். கூட்டணிக்குச் சங்கடம் என்று மற்றவர்கள் ஒதுங்கிய விஷயங்களில் அவர் ஒதுங்கவில்லை. மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மாநில அரசின் நிதி கிடைப்பதை உறுதிப்படுத்தினார்; தமிழ் இடைநிலைப்பள்ளி வேண்டும் என்று கேட்டார். கல்வி மத்திய அரசின் கையில் இருப்பதால் அது நிறைவேறவில்லை. ஆனால் அப்படி ஒரு கோரிக்கையை அரசாங்க மேசையில் வைக்க ஓர் ஆள் இருந்தார். அப்படிப் பேசியதற்காக மதபோதகர் ஜாகிர் நாயக் தொடுத்த அவதூறு வழக்கில் 15 லட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட் கொடுக்கும்படி 2023 நவம்பரில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அவர் மக்களிடம் நன்கொடை கேட்டார். மக்களும் கொடுத்தார்கள். பதவி போன பிறகும் ஒரு தலைவரை நம்பிப் பணம் கொடுப்பது சாதாரண ஆதரவு அல்ல.

குறைகளும் கண்முன்னே இருக்கின்றன. 2009இல் கம்போங் புவா பாலா இந்தியக் குடியிருப்பு இடிக்கப்பட்டபோது அவர் ஆட்சியில் இருந்தார். நிலத்தை விற்க முடிவெடுத்தது முந்தைய ஆட்சி, நீதிமன்றமும் குடியிருப்பாளர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்துவிட்டது என்ற விளக்கம் சரிதான். ஆனாலும் தலைமையோடு மோதத் தெரிந்தவர் அந்த மக்களுக்காக எவ்வளவு தூரம் மோதினார் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்று தங்க ரதம். சூலியா தெருவில் வந்து முடியும் குயின் தெருவில்தான் 1833இல் எழுந்த மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. பக்கத்துப் பினாங்கு தெருவில் நகரத்தாரின் கோயில் வீடு. தைப்பூசத்துக்கு முதல் நாள் கோயில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படுவது பத்தொன்பதாம் நூற்றாண்டு வழக்கம். ராமசாமி தலைமையிலான இந்து அறப்பணி வாரியம் 2017இல் மாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் தங்க ரதத்தைக் கொண்டுவந்தது. வழியெல்லாம் தேங்காய் குவித்து வைத்துக் காத்திருக்கும் குடும்பங்கள் அந்த ஆண்டு முதல் இரண்டு ரதங்களுக்காக உடைக்கத் தொடங்கின. பொது மக்களுக்கென்று ஒரு ரதம் என்ற எண்ணத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பேசி இணக்கம் காணும் முன்பே ரதம் வந்துவிட்டது; ஒரு விழா இரண்டு அணிகளின் விழாவானது. தாம் நியாயம் என்று கருதியதை மற்றவர் இணங்கும்வரை காத்திராமல் செய்வது அவர் பாணி. கட்சிக்குள்ளும் அதே பாணிதான் அவருக்கு எதிராகத் திரும்பியது.

ஜசெகவின் தவறும் சிறியதல்ல. 2008 தொடங்கி 2023 வரை நான்கு தேர்தல்களில் பினாங்கில் போட்டியிட்ட 19 சட்டமன்றத் தொகுதிகளையும் அக்கட்சி ஒன்றுகூட விடாமல் வென்றது. இத்தகைய இடத்தில் வேட்பாளர் பட்டியல் வெளியாகும் நாளே உண்மையான தேர்தல் நாள். வாக்காளர் பார்க்காத அறையில் அந்தப் பட்டியல் தயாராகிறது. மூன்று முறை பிறையில் வென்றவரை ஏன் நீக்கினோம் என்று தமிழ் வாக்காளருக்குப் புரியும்படி யாரும் விளக்கவில்லை. அதே அமைப்புதான் ராமசாமியின் தனிப்பட்ட செல்வாக்கை அளக்க முடியாமலும் செய்தது. பிறையில் விழுந்த வாக்கில் அவருக்கு எவ்வளவு, கட்சியின் ராக்கெட் சின்னத்துக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை. அவருக்குப் பதில் நின்ற புதியவரும் வென்றார்.

கட்சியை முறித்துக்கொண்டு போனவர் வெல்லவே முடியாது என்பதும் இல்லை. இதே பினாங்கில் லிம் சோங் இயூ வென்றார். 1959இல் தொகுதிப் பங்கீட்டில் கூட்டணித் தலைவர் துங்கு அப்துல் ரஹ்மானோடு மோதி, மலாயா சீனர் சங்கத்தின் (மசீச) தலைவர் பதவியை விட்டு விலகினார். 1962இல் தொடங்கிய புதுக்கட்சிக்கு 1964இல் ஒரே ஒரு நாடாளுமன்ற இடம்தான் கிடைத்தது. அவர் அந்தக் கட்சியைக் கட்டி அழவில்லை. 1968இல் பல இனத்தாரோடு சேர்ந்து கெராக்கானை உருவாக்கினார். அடுத்த ஆண்டே பினாங்கைப் பிடித்து 1990 வரை முதல்வராக இருந்தார். எதிர்ப்பக்கத்தில் எம்.ஜி.பண்டிதன். 1988இல் மலேசிய இந்தியர் காங்கிரசிலிருந்து (மஇகா) நீக்கப்பட்டு, 1990இல் ஐபிஎஃப் கட்சியைத் தொடங்கினார். அடித்தட்டுத் தமிழர் ஆதரவு அவருக்கு நிறையவே இருந்தது. ஆனால் கட்சி ஒரு சமூகத்தின் ஒரு பகுதியோடு நின்றுவிட்டதால், அன்று ஆண்ட தேசிய முன்னணிக் கூட்டணியின் கதவு திறக்கும் என்று காத்திருந்தே காலம் போனது. 2008இல் அவர் மறையும்வரை அது திறக்கவில்லை.

உரிமை கட்சி இப்போது பண்டிதன் பாதையில்தான் நிற்கிறது. கட்சியைப் பதிவு செய்வதற்கே நீதிமன்றம்வரை போராட வேண்டியிருந்தது. 2024 மே மாதம் சிலாங்கூரின் குவாலா குபு பாரு இடைத்தேர்தலில் ஜசெக இடம்பெற்ற பக்காத்தான் கூட்டணியை நிராகரியுங்கள் என்று இந்தியரிடம் பிரசாரம் செய்தது; ஜசெக வேட்பாளர் 3,869 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஜூலையில் பினாங்கின் சுங்கை பாக்காப் இடைத்தேர்தலில் எதிர்க்கூட்டணியான பெரிக்காத்தானின் பெரும்பான்மை 4,267 ஆக உயர்ந்தது. ஆனால் அங்கே மலாய் வாக்குதான் பெரும்பான்மை. அந்த வெற்றியை உரிமை தன் கணக்கில் எழுத முடியாது. நாட்டில் எந்தத் தொகுதியிலும் இந்தியர் பெரும்பான்மை இல்லை. ஆகவே தமிழர் கோபத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒருவரைத் தோற்கடிக்க உதவலாம். நாம் வெல்ல முடியாது.

2025 ஜனவரியில் இந்து அறப்பணி வாரிய நிதி தொடர்பாக அவர்மீது 17 நம்பிக்கை மோசடிக் குற்றச்சாட்டுகள் கொண்டுவரப்பட்டன. அவர் அவற்றை மறுத்தார். அதில் சரி தவறு சொல்லும் இடம் நீதிமன்றம்தான். அரசியல் கணக்கில், வழக்குக்குப் போகும் நேரமும் பணமும் கட்சியை வளர்க்காது என்பது மட்டும் நிச்சயம்.

அவருக்கு இருக்கும் நல்ல வழி, தம் வழக்கை ஜசெகவோடு முடித்துக்கொண்டு, தமிழர் வழக்கைத் தொடர்வது. சூலியா தெருவில் நாகூர் தர்காவும் தமிழ் முஸ்லிம் கடைகளும் சீனர் கடைவீடுகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. வாடகை உயர்வும் வெளியேற்றமும் இவர்கள் எல்லாருக்கும் பொது. இந்தத் தெருவின் தமிழ் முஸ்லிம் வியாபாரியும் சீனத் தொழிலாளியும் தம் கட்சி என்று சொல்லும்படி உரிமை பேசினால் அதற்கு எதிர்காலம் உண்டு. எழுபது வயதைக் கடந்தவர், முப்பது வயதுக்காரர்களை மேடையின் நடுவில் நிறுத்த வேண்டும்.

ஜசெகவும் மற்றக் கட்சிகளும் செய்ய வேண்டியது, எதிர்த்துப் பேசும் தமிழ் உறுப்பினருக்குக் கட்சிக்குள்ளேயே இடம் வைப்பது. பட்டியலிலிருந்து நீக்கினால் காரணத்தைத் தொகுதி மக்களிடம் சொல்வது. ராமசாமியைப் பிடித்தவர்களும் பிடிக்காதவர்களும் இதைச் சேர்ந்து கேட்கலாம். பதினைந்து ஆண்டுகள் ஒரே மனிதரின் துணிச்சலை நம்பியிருந்ததுதான் நம் பலவீனம். அவர் வெளியேறியதும் தமிழர் கோரிக்கையும் மேசையிலிருந்து இறங்கியதென்றால், அந்தக் கோரிக்கையைச் சுமக்க ஓர் அமைப்பை நாம் கட்டவில்லை என்று பொருள். அதைக் கட்டும் வேலையை அடுத்த தேர்தலுக்கு முன்பே தொடங்க வேண்டும்.