திரும்பி வந்த கவிதை

மதுரை மண்ணில் வாழும் நமக்குத் தருமியின் கதை புதிதன்று. பிறர் எழுதித் தந்த பாட்டை அவைக்குக் கொண்டுசென்றான். நக்கீரர் குற்றம் கண்டார். பொற்கிழி கைக்கு எட்டவில்லை. நக்கீரரின் வினாவுக்கு அவனால் விடை கூற இயலவில்லை, பாட்டு அவனுடையதன்றே! எழுதிய இறையனாரே வந்து வாதிட வேண்டியதாயிற்று. அன்று மறுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் அப்பாட்டு குறுந்தொகையில் இரண்டாம் செய்யுளாக நிற்கிறது. நக்கீரரின் செய்யுட்களும் அதே நூலில் உள்ளன. அவருடைய துணிவைப் பலரும் போற்றுவர். குற்றம் இன்னதென்று அவை நடுவே காரணம் கூறினாரே, அந்த நேர்மையையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

இதை நினைக்கக் காரணம் உண்டு. நாகமலை புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவரின் கவிதையை இலக்கிய இதழொன்று திருப்பி அனுப்பியது. உடன் வந்த கடிதத்தில் கவிதையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இனி எழுதவே வேண்டாம் என்ற அறிவுரை மட்டும் இருந்தது. மூன்று மாதங்களாக அவர் பேனாவைத் தொடவில்லை.

அவருக்கு ஜெரார்டு மேன்லி ஹாப்கின்சைப் பற்றிச் சொன்னேன். 1868-இல் இயேசு சபையில் சேருமுன் தம் கவிதைகளை எரித்துவிட்டு, ஏழாண்டுகள் ஏறத்தாழ எழுதாமலே இருந்தவர். 1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' கப்பல் இங்கிலாந்துக் கடலில் தரைதட்டி, ஜெர்மனியின் சட்டங்களால் நாடு நீங்கிய பிரான்சிஸ்கன் கன்னியர் ஐவர் மாண்டனர். யாரேனும் இதைப் பாடலாமே என்று அதிபர் தந்தை சொன்ன ஒரு சொல் போதுமாயிற்று. 35 பத்திகளில் நெடுங்கவிதை பிறந்தது. சபையாரின் 'தி மன்த்' இதழுக்கு அனுப்பினார். ஆசிரியர் நண்பரே. ஏற்பதுபோல் தோன்றி, தள்ளிப்போய், கடைசிவரை அச்சேறவில்லை. 1878-இல் வேறொரு கப்பல் விபத்தைப் பாடி அனுப்பியதும் மறுக்கப்பட்டது.

ஆசிரியரைக் குறைகூற எனக்குத் தயக்கமே. குருமடத்தில் முதன்முறை படித்தபோது அக்கவிதையில் பாதி எனக்கும் விளங்கவில்லை. சந்தம் புதிது, தொடர்கள் முரண்டு பிடிக்கும். பொது வாசகருக்கான இதழ் தயங்கியது இயல்பே. காக்கவைத்ததுதான் கொடுமை. நண்பர் ராபர்ட் பிரிட்ஜசோ, பணம் கொடுத்தாலும் மறுமுறை படிக்கமாட்டேன் என்றார். பணத்துக்கு அப்பால் அன்பு என்று ஒன்று உண்டே, அதற்காகவேனும் படியுங்கள் என்ற பொருள்பட ஹாப்கின்ஸ் 1877-இல் மறுமொழி எழுதினார். சினமும் இல்லை, தம் கவிதை தாழ்ந்தது என்ற ஒப்புதலும் இல்லை!

ஆயினும் அச்சுக்கு அனுப்புவதைப் பின்னர் அவர் ஏறக்குறைய விட்டுவிட்டார். ஓர் இதழின் தீர்ப்பை உலகத்தின் தீர்ப்பாகக் கொண்டது பிழை என்பேன். 1889-இல் டப்ளினில், 44 வயதில் மறைந்தார். படிக்கமாட்டேன் என்ற அதே பிரிட்ஜஸ்தான் 1918-இல் அவர் கவிதைகளைத் தொகுத்து வெளியிட்டார். 750 படிகள் விற்றுத்தீரப் பத்தாண்டுகளாயின.

நம் பக்கத்து வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பா வேறு வழி கண்டார். விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும் பெரிய இதழ்கள் இடம்தராத நாளில், 1959 சனவரியில் 'எழுத்து' இதழைத் தாமே தொடங்கினார். முதுமையில் 'சுதந்திர தாகம்' நாவலையும் தாமே அச்சிட்டார். 1998-இல் அவர் மறைந்தபின், 2001-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. எல்லாராலும் இதழ் நடத்த இயலாதுதான், கைப்பொருள் கரைந்துவிடும்.

இளைஞரின் கவிதையை வாங்கிப் படித்தேன். மூன்றாம் பத்தி எதற்காக என்று கேட்டேன். சற்று நேரம் எண்ணிப் பார்த்து, அது வேண்டியதில்லைதான் என்றார். இரண்டாம் பத்தியை மட்டும் யார் சொன்னாலும் மாற்றமாட்டேன் என்றார்.