விதியைச் சொல்லும் வாய் எது? – சிலம்பில் ஊழும் பொறுப்பும்

துக்க வீட்டுக்குப் போகிறோம். விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் அழுதுகொண்டிருக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "என்னம்மா பண்றது, விதி அவ்வளவுதான்" என்கிறோம். யாரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அதே வீட்டு வாசலில், மோதிய லாரியை ஓட்டி வந்தவன் நின்றுகொண்டு, "என்னம்மா பண்றது, விதி அவ்வளவுதான்" என்று சொன்னால்? வார்த்தை ஒன்றுதான். ஆனால் கூடியிருக்கிறவர்கள் அவனைச் சும்மா விடுவார்களா?

விதி உண்மையா பொய்யா என்று நாம் ஆயிரம் வருஷமாகப் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கிறோம். அதைச் சொல்கிற வாய் எது என்று கேட்பதில்லை. சிலப்பதிகாரம் அந்தக் கேள்வியைத்தான் கேட்கிறது என்பது என் எண்ணம். அதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று செய்திகளில் ஒரு முரண்

பதிகம் சொல்லும் மூன்று செய்திகளைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யாதவர்கள் நம்மில் இருக்க முடியாது. ஆட்சியில் தவறியவனை அறமே கொல்லும். கற்புடைய பெண்ணை உயர்ந்தோர் போற்றுவர். முன்வினை தேடி வந்து பயனைக் கொடுக்கும். மூன்றையும் வரிசையாக ஒப்பித்து மதிப்பெண் வாங்கிவிட்டோம். முதலாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்று யாரும் நமக்குச் சொல்லவில்லை.

கோவலன் முற்பிறவியில் கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்ற பெயரோடு இருந்தான். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்ல வைத்தான். சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபம் இப்பிறவியில் பலித்தது. சரி, அப்படியானால் மதுரையில் கோவலன் வெட்டுப்பட்டே ஆகவேண்டும். வெட்டச் சொன்ன பாண்டியன் அந்தக் கணக்கைத் தீர்க்க வந்த கருவி. கருவி எப்படித் தவறும்? தவறாதவனை அறம் ஏன் கொல்ல வேண்டும்?

தத்துவ உலகம் இன்றுவரை தீர்க்காத வழக்கு இது. ஊழ் என்ற பெயர் மட்டும் மாறியிருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் சபோல்ஸ்கி 2023-ல் வெளியிட்ட 'டிட்டர்மின்ட்' என்ற நூலில், நம் ஒவ்வொரு முடிவையும் மரபணு, வளர்ப்பு, ஹார்மோன், நேற்றைய தூக்கம், இன்றைய பசி எல்லாம் சேர்ந்து முன்கூட்டியே தீர்மானித்துவிடுகின்றன, ஆகவே யாரையும் பழிப்பதற்கோ புகழ்வதற்கோ நியாயமில்லை என்று வாதிடுகிறார். நீலியின் சாபம் இருந்த இடத்தில் நரம்பணுக்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இந்த வாதத்துக்கு நம் நாட்டிலேயே ஒரு பழைய பதில் உண்டு. சமணர்களின் 'உவாசகதசாவோ' என்ற பிராகிருத நூலில் சத்தாலபுத்தன் என்ற குயவன் வருகிறான். அவன் ஆசீவகன், முயற்சி என்று ஒன்றுமில்லை, எல்லாம் நியதி என்று நம்புகிறவன். மகாவீரர் அவனிடம், உன் பானைகளை ஒருவன் உடைத்தால், உன் மனைவியிடம் ஒருவன் தவறாக நடந்தால் என்ன செய்வாய் என்று கேட்கிறார். அடிப்பேன், உதைப்பேன் என்கிறான். எல்லாம் நியதி என்றால் அவன் எதையும் செய்யவில்லையே, பிறகு ஏன் அடிக்கிறாய் என்று மடக்குகிறார் மகாவீரர். ஆங்கிலத் தத்துவவாதி பி. எஃப். ஸ்ட்ராசன் 1962-ல் ஆற்றிய புகழ்பெற்ற உரையின் சாரமும் ஏறக்குறைய இதுதான்: மனத்தாங்கல், நன்றி, மன்னிப்பு இவையெல்லாம் மனித உறவின் எலும்பும் தசையும், கொள்கையைக் காட்டி அவற்றைக் கழற்றி வைக்க முடியாது.

ஆனால் குயவன் கதை பாதி வழிதான் வருகிறது. அடுத்தவன் என் பானையை உடைத்தால் நான் அவனைப் பொறுப்பாக்குவேன் என்பதை அது காட்டுகிறது. அடுத்தவன் பானையை நானே உடைத்துவிட்டால்? மீதிப் பாதியை இளங்கோவிடம்தான் பார்க்க வேண்டும்.

திறந்திருந்த கதவுகள்

கொலைக்களக் காதையை மெதுவாகப் படித்தால் ஒன்று தெரியும். காலம் வந்துவிட்டது, வினை விளைந்துவிட்டது என்று கவிஞர் சொல்கிறார். சொல்லிக்கொண்டே, கொலை நின்றுபோயிருக்கக்கூடிய இடங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டு போகிறார்.

அரசன் ஊடலில் இருக்கும் தேவியைச் சமாதானப்படுத்தப் போகிற அவசரத்தில் இருக்கிறான். நின்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்; கேட்கவில்லை. கொல்வதற்காகப் பிடித்துக் கொண்டுவரச் சொல்ல நினைத்தவன், கொன்றுவிட்டுச் சிலம்பைக் கொண்டுவரும்படி வாய் தவறிச் சொல்லிவிட்டான் என்று உரைமரபில் ஒரு விளக்கம் உண்டு. அரசனைக் காப்பாற்ற நினைத்த அன்பான விளக்கம்தான். ஆனால் அதுகூட, விசாரிக்காமல் ஆணை பிறந்தது என்ற உண்மையை மாற்றவில்லை.

அடுத்து, காவலர்கள். கோவலனைப் பார்த்ததும் இவன் திருடன் மாதிரித் தெரியவில்லையே என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனத் திருடர்களுக்குத் துணையான எட்டையும் அடுக்கி ஒரு பிரசங்கமே செய்கிறான். ஊழ்தான் எல்லாவற்றையும் செய்கிறது என்றால் இவ்வளவு நீளப் பேச்சு எதற்கு? ஒருவன் மனத்தை மாற்றப் பேச்சு தேவைப்படுகிறது என்றால், அந்த மனம் வேறு பக்கமும் சாய்ந்திருக்க முடியும் என்றுதானே பொருள்? கடைசியில் குடித்திருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான். தயங்கியவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இத்தனை கதவுகளையும் திறந்து காட்டிவிட்டு, எல்லாம் ஊழ் என்று கவிஞர் சொல்கிறார் என்றால், 'ஏன் நடந்தது?' என்ற கேள்விக்கு மட்டுமே ஊழைப் பதிலாகத் தருகிறார். 'இதில் என் பங்கு என்ன?' என்பது வேறு கேள்வி. அதற்கு ஊழ் பதில் சொல்லாது.

பாண்டியன் சொல்லாத சாக்கு

வழக்குரை காதையில் சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்ததும் பாண்டியன் என்ன செய்தான்? பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான் என்று சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. குடிகாரக் காவலனைக் கைகாட்டியிருக்கலாம். ஒன்றும் செய்யவில்லை. பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட நானே கள்வன் என்கிறான்; தென்னாட்டு மக்களைக் காக்கும் காவல் என்னால் பிழைத்தது என்கிறான்; விழுந்து உயிர் விடுகிறான். பொற்கொல்லன் பெயர் வருவதுகூடப் பழியை அவன் தலையில் கட்டுவதற்காக இல்லை. அந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டது என் குற்றம் என்று தன்னையே அடித்துக்கொள்வதற்காக.

காதைகளின் வரிசையைக் கவனியுங்கள். அரசன் இறப்பது 20-ஆம் காதையில். முற்பிறவிக் கதையை மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்வது 23-ஆம் காதையில். அரசன் உயிரோடு இருந்தவரை அந்தச் சாக்கு அவன் காதுக்கு எட்டவில்லை. முன்னாலேயே அந்தக் கதையை வைத்திருந்தால் பாண்டியனின் மரணம் வெறும் சடங்காகிப் போயிருக்கும்.

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி 1976-ல் ஒரு லாரி ஓட்டுநரை உதாரணம் காட்டினார். அவர்மேல் தவறே இல்லை. குழந்தை குறுக்கே வந்துவிட்டது. மற்றவர்கள் அவரைத் தேற்றத்தான் வேண்டும். ஆனால் அவர் ரொம்பச் சுலபமாகத் தேறிவிட்டால் நமக்கே அவர்மேல் ஒரு சந்தேகம் வரும். நம் துக்க வீட்டு வாசல் மறுபடி நினைவுக்கு வருகிறதல்லவா? பாண்டியன் நிலை இதைவிட மோசம். விசாரிக்காத தவறு அவனிடம் உண்டு. அதனால்தான் அவன் தேறவே இல்லை.

கோவலனும் இப்படித்தான். மாதவியின் இரண்டாவது கடிதத்தைப் படித்ததும் அவள்மேல் குற்றமில்லை, எல்லாம் என் குற்றம் என்று உணர்கிறான். மதுரை இடைச்சேரியில் கண்ணகியிடம் பேசும்போது, இது வல்வினையோ என்று ஒரு வார்த்தை அவன் வாயில் வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அங்கேயே நிற்காமல், வீணரோடு சேர்ந்து திரிந்தேன், பெற்றோருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, உனக்கும் கொடுமை செய்தேன் என்று பட்டியல் போடுகிறான். கண்ணகியும், "விடுங்க, விதி" என்று சொல்லி ஆற்றவில்லை. நீங்கள் நடந்துகொண்டது சரியில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறாள்.

மன்னிக்கும் வாய்

அப்படியானால் பாண்டியன்மேல் குற்றமில்லை என்று காப்பியத்தில் யாருமே சொல்லவில்லையா? சொல்கிறார்கள். வாழ்த்துக் காதையில், தெய்வமாகிவிட்ட கண்ணகியே வந்து, பாண்டியன் குற்றமற்றவன், நான் அவன் மகள் என்கிறாள். தாலியை இழந்தவள், நீதி கேட்டு நகரையே எரித்தவள் சொல்கிறாள்.

இங்கேதான் காப்பியத்தின் நுட்பம் இருக்கிறது. 'குற்றமில்லை' என்ற அதே சொல்லைப் பாண்டியன் சொல்லியிருந்தால் அது கோழைத்தனம். கண்ணகி சொன்னதால் அது பெருந்தன்மை. ஊழ் என்ற கொள்கை, செய்தவன் தப்பிக்கும் சந்து அல்ல. பட்டவர் மனம் இறங்கினால் திறந்துவிடும் வாசல். அவன் தன் பொறுப்பை முழுசாக எடுத்துக்கொண்ட பிறகுதான் அவளுக்கு அந்த வாசலைத் திறக்க முடிந்தது. இந்த வரிசை மாறினால் நீதி கெட்டுப்போகும்.

ஆயிரம் பொற்கொல்லர்

இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது விமர்சனம் ஆகாது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகியின் சீற்றம் தணியவும் நாட்டில் மழை பெய்யவும் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்தான் என்று காப்பியம் சொல்கிறது. மழையும் பெய்ததாம். நம் மேடைகளில் இதைப் பெரும்பாலும் சத்தமில்லாமல் தாண்டிப்போகிறோம்.

பொய் சொன்னவன் ஒருவன். செத்தவர்கள் ஆயிரம் பேர். அவர்கள் செய்த குற்றம், அவன் தொழிலைச் செய்தது. கண்ணகி ஆத்திரத்தின் உச்சியில் நகரை எரிக்கச் சொன்னபோதுகூட, அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் இவர்களை விட்டுவிடு, தீயவர் பக்கம் மட்டும் போ என்று தீக்கடவுளுக்கு ஆணையிட்டாள். அவள் தீயிலே இருந்த பகுத்தறிவு செழியன் வாளிலே இல்லை. அவளுக்கென்று செய்த பலி, அவள் கோட்பாட்டுக்கே விரோதம். காப்பியம் இதைக் கண்டிக்காமல் மழையைச் சாட்சிக்கு அழைத்தது அதன் பெருங்குறை என்றே நான் கருதுகிறேன்.

பொறுப்பை ஒருவன் தானாக எடுத்துக்கொள்ளலாம். ஒரு கூட்டத்தின் தலையில் கட்டக்கூடாது. சொந்த ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் இரண்டு பேர். தொடர்ந்த நாட்களில் தில்லியில் மட்டும் கொல்லப்பட்ட சீக்கியர்கள் அரசுக் கணக்குப்படியே 2,733 பேர். 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டிப் பெங்களூரில் தமிழர்கள் தாக்கப்பட்டார்களே, அடிபட்ட கூலித்தொழிலாளி எந்த அணையைத் திறக்கச் சொன்னார்? ஆயிரம் பொற்கொல்லர் கதை கொற்கையோடு முடிந்துவிடவில்லை.

முடிவாக

மனிதனுக்குச் சுதந்திரமான விருப்பம் உண்டா இல்லையா என்று சிலம்பு தீர்ப்பு சொல்லவில்லை. ஊழ் உண்டு என்று நம்பிக்கொண்டே, அதை எப்படிக் கையாள வேண்டும் என்று காட்டியிருக்கிறது. என் தவற்றுக்கு நான் ஊழைக் கூப்பிடக் கூடாது. எனக்குத் தவறிழைத்தவன் தலைகுனிந்து நிற்கும்போது, மனமிருந்தால் நான் கூப்பிடலாம். மூன்றாம் மனிதர்கள், துக்க வீட்டில் ஆறுதலுக்கு மட்டும் கூப்பிடலாம்.

நாளைக்கு மூளை விஞ்ஞானம் எதை நிரூபித்தாலும் நிரூபிக்கட்டும். அடுத்த தடவை "விதிங்க, நான் என்ன செய்ய முடியும்" என்று சொல்ல வாய் திறக்கும்போது, சொல்லப்போவது பட்ட வாயா, செய்த வாயா என்று ஒரு நிமிஷம் யோசித்தால் போதும். பாண்டியன் அந்த ஒரு நிமிஷத்தைத் தீர்ப்புக்கு முன்னால் தவறவிட்டான். தீர்ப்புக்குப் பின்னால் தவறவிடவில்லை.