சாக்பீஸ் சதுரம்

கால்நடை மருத்துவ மாணவர்களுக்குத் தீவனவியல் நடத்தும் வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, கரும்பலகையில் போடும் பியர்சன் சதுரம். நடுவில் வேண்டிய புரதம், 16 சதவீதம். இடப்பக்கம் மேலே மக்காச்சோளம் 9, கீழே சோயாப் பிண்ணாக்கு 45. குறுக்காகக் கழித்தால் சோளம் 29 பங்கு, பிண்ணாக்கு 7 பங்கு. கலவை தயார். என்ன அழகான கணக்கு!

ஆனால் வேண்டிய எண் அந்த இரண்டுக்கும் இடையில் இருந்தாக வேண்டும். முற்றிய நேப்பியர் புல்லையும் சோளத்தையும் எப்படிக் கலந்தாலும் 16 வராது.

மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்து மாட்டை வைத்துச் சதுரத்தின் வரம்பைச் சொல்லிக்கொடுக்கலாம். நல்ல சரிவெல்லாம் தேயிலைக்குப் போய்விட, மாட்டுக்குக் கிடைப்பது அறுத்துப் போடும் புல்தான். பசும்புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். 80 சதவீதம் ஈரமென்றால் 40 கிலோ கட்டில் உலர்பொருள் 8 கிலோதான். அந்தக் குறையை ஈடுகட்ட, சமவெளியில் மலிவாகக் கிடைக்கும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு இருக்கிறது. மலேசிய மாடுகளுக்கு அது முக்கியத் தீவனம். அதையே செம்மறிக்கு நாள்கணக்கில் அள்ளிப் போட்டால் ஈரலில் செம்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்து. சதுரம் புரதத்தை மட்டுமே பார்க்கும், செம்பைக் காட்டாது. ஆகவே விடையைச் சரிபார்த்ததும் நல்ல ஆசிரியர் கேட்பார்: "சரி, இதை எந்தப் பிராணிக்குப் போடப்போகிறாய்?"