பத்துக்கு இரண்டு

பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1917 அக்டோபர் 10. பெத்ரோகிராதில் ஒரு வீட்டில் போல்ஷெவிக் மத்தியக் குழு ரகசியமாகக் கூடியது. ஆயுத எழுச்சிக்கு நாள் நெருங்கிவிட்டது என்றார் லெனின். பத்துப் பேர் ஆதரித்தார்கள். காமனேவும் ஜினோவியேவும் எதிர்த்தார்கள். 'புரட்சி வேறு திசையில் போயிருந்தால்?' என்று கேட்கும் மாற்று வரலாறுகளை நான் மதிப்பது அந்த இரண்டு வாக்குகளுக்காகத்தான். வேறு வழி உண்டென்று அந்த அறைக்குள் இருந்தவர்களே நினைத்திருக்கிறார்கள்.

சோவியத் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதிய ஈ.எச். கார், இத்தகைய கேள்விகளைப் பொழுதுபோக்கு விளையாட்டு என்று ஒதுக்கினார். புரட்சியால் பாதிக்கப்பட்டவர்களின் ஏக்கமே இப்படிக் கேட்கிறது என்பது அவர் கருத்து. அதில் உண்மை உண்டு. ஆனால் ஸ்டாலினின் கட்டாயக் கூட்டுப்பண்ணை இல்லாவிட்டால் தொழில் வளர்ந்திருக்காது, ஹிட்லரை வென்றிருக்க முடியாது என்று நம்மூர் மேடைகளிலும் கேட்டிருக்கிறோமே, அது என்ன? அதுவும் நடக்காத ஒன்றைப் பற்றிய கூற்றுதான். 'இது இல்லாவிட்டால்' என்ற கணக்கு உள்ளே இல்லாமல் எந்தக் காரணத்தையும் சொல்ல முடியாது. மறைத்துப் போடும் கணக்கை வெளிப்படையாகப் போட வைப்பதே மாற்று வரலாற்றின் பலம்.

அப்படிப் போட்டும் பார்த்திருக்கிறார்கள். விவசாயியைச் சந்தையில் விற்க விட்ட புதிய பொருளாதாரக் கொள்கை 1921இல் வந்தது. 1928இல் தானியக் கொள்முதல் நெருக்கடி முற்றியபோது ஸ்டாலின் பலவந்தத்தை நாடினார். போல்ஷெவிக் தலைவர்களில் ஒருவரான புகாரின் எதிர்த்து நின்று தோற்றார். கட்டாயக் கூட்டுப்பண்ணையைத் தொடர்ந்து வந்த 1932-33 பஞ்சத்தில் பல லட்சம் பேர் மாண்டார்கள். சந்தை வழியையே தொடரும் புகாரினின் பாதை நிஜமான மாற்றாக இருந்தது என்று வரலாற்றாசிரியர் ஸ்டீபன் கோஹன் 1973இல் வாதிட்டார். பொருளாதார வரலாற்றாசிரியர் ராபர்ட் ஆலன் 2003இல் மாதிரிக் கணக்குகளால் சோதித்தார்: கூட்டுப்பண்ணையால் தொழில் வளர்ச்சிக்குக் கிடைத்த கூடுதல் பலன் சொற்பமே. அத்தனை உயிர்களும் தவிர்க்க முடியாத விலை என்ற பேச்சு இதற்குப் பிறகு நிற்காது.

பலவீனம் தொடங்குவது சங்கிலி நீளும்போது. 1919 ஜனவரியில் பெர்லினில் புரட்சித் தலைவி ரோசா லக்சம்பர்க் கொல்லப்படவில்லை, ஜெர்மன் புரட்சி வென்றது என்று வைத்துக்கொள்வோம். அந்த வெற்றிக்கு லெனினே காத்திருந்தார்; அதுவரை சரி. அடுத்து ஹிட்லர் இல்லை, இரண்டாம் உலகப் போர் இல்லை என்று எழுதுபவர்கள், முப்பது ஆண்டு கழித்து மாவோவை மட்டும் அதே பெய்ஜிங்கில், அதே 1949இல் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். ஜப்பானியப் படையெடுப்பும், 1945இல் மஞ்சூரியாவுக்குள் நுழைந்த சோவியத் படையும் இல்லாமல் அந்த வெற்றி எங்கிருந்து வரும்? வேரை வெட்டிவிட்டுக் கிளையை அப்படியே வைத்திருக்கிறார்கள்.

தனிமனிதர்மேல் வைக்கும் அளவுக்கு மீறிய நம்பிக்கை இன்னொரு குறை. 1917இல் வெளிநாட்டிலிருந்து ருஷ்யா திரும்ப லெனின் ஏறிய ரயிலை நிறுத்தினால் போதும் என்கிறார்கள். ரொட்டிக்கு நின்ற வரிசையும், போரில் சலித்த சிப்பாயும், நிலத்துக்கு ஏங்கிய விவசாயியும் அந்த ரயிலில் வந்தவர்கள் அல்லர்.

ஆகவே என் அளவுகோல் ஒன்றுதான்: அந்தக் காலத்து மனிதர்கள் கண்முன் நிஜமாகவே இருந்த பாதையா அது? புகாரினின் பாதை இருந்தது. 1937இல் கைதாவதற்கு முன், வருங்காலத் தலைவர்களுக்கு எழுதிய கடிதத்தை அவர் தன் மனைவி அன்னா லாரினாவை மனப்பாடம் செய்ய வைத்தார். சிறையிலும் முகாமிலும் லாரினா அதை மறக்கவில்லை. 1938இல் சுடப்பட்ட புகாரின் குற்றமற்றவர் என்று சோவியத் அரசு ஏற்றுக்கொண்டது 1988இல்.